பெட்டிக்கு வெளியே ஒரு புள்ளி

போன வாரம் எங்கள் ஜூரோங் பாக்டரி கேன்டீனில் புள்ளிவிவரப் பயிற்சி. நாற்பத்தெட்டு வயதில் எனக்கு எதற்கு இதெல்லாம்? தலையை ஆட்டிவிட்டு, இடைவேளையில் கறிபப் தின்றுவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

பயிற்சி நடத்தியவர் சந்திரா என்ற இளம் பெண். தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டு, அதில் நிமிடங்களைக் குறித்தார்.

"வீட்டுலேருந்து வேலைக்கு வர எவ்வளவு நேரமாகுதோ, அந்த நம்பர்ல போய் நில்லுங்க."

எனக்கு வியர்த்தது. ஏன்?

நான் ஊரின் மறுகோடியில், கேலாங்கில் இருந்தவன். போன வருடம் புக்கிட் பாத்தோக்கில் புது வீடு கிடைத்தது. இருபது நிமிடத்தில் வந்துவிடலாம். ஆனால் பாக்டரியில் மூச்சு விடவில்லை. தாமதமாகும்போதெல்லாம், "கேலாங் சார்... ரெண்டு பஸ்..." என்று இழுப்பேன். எம்.ஆர்.டி. ரயிலுக்காகச் சாலையெல்லாம் தோண்டிப் போட்டிருப்பது இன்னும் வசதி. மேனேஜர் மனமிரங்கி விட்டுவிடுவார். அந்த மேனேஜர் இப்போது எதிரே நின்றுகொண்டிருந்தார்.

தொண்ணூறில் போய் நின்றேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில்... தன்னந்தனியாக.

மற்ற பத்துப் பேரும் அந்தக் கோடியில் நெருக்கமாக நின்றார்கள். சந்திரா என்னையும் சேர்த்து வரிசையாக எண்ணினார். ஆறாவது ஆள் நடுவில் இருப்பவர் — மீடியன். மூன்றாவது ஆளிலிருந்து ஒன்பதாவது ஆள் வரை ராஃபியா கயிற்றால் வளைத்தார். அது பெட்டி. இரண்டு பக்கமும் கயிற்றை நீட்டினார். அது மீசை.

"மீசை எதுவரைக்கும் போகும் மிஸ்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பெட்டி நீளத்துல ஒன்றரை மடங்கு, அதுக்குள்ள நிக்கற கடைசி ஆள் வரைக்கும். அதைத் தாண்டினா தனிப் புள்ளிதான்."

அவர் கை என்னைக் காட்டியது. வந்து என் காலடியில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார்.

சராசரி எடுத்திருந்தால் என் பொய் எல்லோருடைய நிமிடங்களோடும் கலந்து மறைந்திருக்கும். இந்தப் படத்திலோ, தனியாக நின்று கையசைக்கிறது.

மீசையின் நுனியில், ஐம்பதில், பேக்கிங் பிரிவு ஸ்டெல்லா நின்றாள். நிஜமான கேலாங். ஏழு மாத வயிறு. இடம் நிறைந்துபோன கம்பெனி வேனில் வருகிறவள்.

"பாவம்ணே நீங்க. அதான் காலையில உங்களை அந்தப் பக்கம் பார்க்கவே முடியல. எனக்கு முன்னாடியே கிளம்பிடுவீங்க போல" என்றாள். "என் வேன் சீட்டை எடுத்துக்குங்க லா. அடுத்த மாசம் நான் லீவு. அதுவரைக்கும் பஸ்ல வந்துக்கறேன்."

நாளையிலிருந்தே அப்படிச் செய்யலாம் என்றார் மேனேஜர்.

யோசித்துப் பாருங்கள். நான் விடியுமுன் எழுந்து, இரண்டு பஸ் பிடித்துக் கேலாங் போய், அங்கே வேன் ஏறி, மறுபடி ஜூரோங் வரவேண்டும். அவள் அந்த வயிற்றோடு பஸ்ஸில் நிற்கவேண்டும்.

எது என்னைப் பேசவைத்தது — அவள் நிலைமையா, அந்த இரண்டு பஸ்ஸா? தயவுசெய்து கேட்காதீர்கள்.

"ஸ்டெல்லா... நான் வீடு மாறிட்டேன்."

"எப்போ?"

"போன தீபாவளிக்கு."

"அடுத்த தீபாவளியே வரப்போகுதேண்ணே."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மேனேஜர் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரா என் புள்ளியைச் செருப்பால் அழித்தார்.

"உண்மையான நிமிஷம் சொல்லுங்க சார்."

இருபது. பெட்டிக்குள்ளேயே வசதியாக நின்றிருக்கலாம்.

ஸ்டெல்லா கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். "குனிஞ்சு வாங்கண்ணே."

குனிந்துதான் போனேன்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் பாக்டரி வாசலில் நின்றேன். காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சார், வீட்டுல சண்டையா?"