காதுகுத்துக்கு வந்த வேல்சாமி

ராஜபாளையம் டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு கூத்து நடக்கும். கல்யாணச் சவாரி என்று யாராவது வந்தால் இருக்கிற டிரைவர்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். பிரேதம் ஏற்றவேண்டும் என்று சொன்னாலோ, நல்லா ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கெல்லாம் அந்த நிமிஷமே கோளாறு வந்துவிடும். வேல்சாமி மட்டும் பீடியை அணைத்துவிட்டு, "எங்க போகணும்?" என்று கேட்பார்.

பெரும்பாலும் ஊட்டிக்குத்தான் போகவேண்டியிருக்கும். எண்பதுகளில் மழை ஏமாற்றிய வருஷங்களில் வ. புதுப்பட்டி, மகாராஜபுரம் பக்கத்துச் சனம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மலைக்குப் பிழைக்கப் போயிருந்தது. கேரட் தோட்டம், மார்க்கெட்டில் மூட்டை, கட்டட வேலை என்று எது கிடைத்தாலும் செய்தார்கள். பிழைப்பு அங்கே என்றாலும், செத்தால் சொந்த மண்ணுக்கு வந்தாகவேண்டும். வேல்சாமியின் வெள்ளை மெட்டடார் வேன் கீழேயிருந்து போய்க் கொண்டுவரும்.

அதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. பிணத்தைக் கயிறு போட்டுக் கட்ட விடமாட்டார். சொந்தத்தில் ஒருவர் பின்னால் உட்கார்ந்து தலையை மடியில் வைத்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு வளைவிலும் "பாத்து, தலை பத்திரம்" என்று சொல்லிக்கொண்டே மலையை இறங்குவார். இவ்வளவு செய்தும், இறக்கி வைத்த வீட்டில் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது. அடுத்த வாரம் கடைத்தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ. அவர் அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. கேட்கிற நமக்குத்தான் வயிறு எரிகிறது.

ஊர் வந்து சேர்ந்தால், புறவாசலில் மனைவி முத்தாத்தாள் குடத்துத் தண்ணீரோடு நிற்பாள். தலைக்கு ஊற்றி வேட்டி மாற்றாமல் அவர் தன் வீட்டு நிலைப்படியைத் தாண்டியது கிடையாது.

இப்படிப்பட்ட மனிதரின் மகளுக்கு வாழ்க்கை ஊட்டியிலா அமையவேண்டும்? மாப்பிள்ளை பொன்னுராஜுக்கு அங்கே காய்கறி மண்டியில் வேலை. தங்கமான பையன். ஒரே மகள் சண்முகத்தாய் முதல் தடவை முழுகாமல் இருந்தபோது வேல்சாமி ஒரு சவாரியாக மேலே போனார். ஆஸ்பத்திரியில் பிரேதம் கொடுக்க நேரமாகும் என்றார்கள். வேனை அங்கேயே விட்டுவிட்டுப் போய் மகள் கையால் ஒரு காப்பி குடித்து வந்தார். அந்த மாதமே பிள்ளை வயிற்றில் தங்காமல் போய்விட்டது.

யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொண்டார். அதன்பிறகு மலைக்குப் போனாலும் மகள் இருக்கும் தெருப்பக்கம் திரும்பமாட்டார். மறுபடி உண்டானபோது, மலை இறங்கக்கூடாது என்று டாக்டர் கட்டாயமாகச் சொல்லிவிட்டதால் பிரசவமும் அங்கேயே நடந்தது. முத்தாத்தாள்தான் போய்ப் பார்த்துக்கொண்டாள். பெண் குழந்தை. தவழ்ந்து, எழுந்து, நடக்க ஆரம்பித்த பிறகும் தாத்தா அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்க்கெட் பக்கத்து மாரியம்மனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை. மொட்டையும் காதுகுத்தும் அங்கேதான். தொண்ணூற்று மூன்று ஆவணியில் நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தவேண்டும். சண்முகத்தாய்க்குக் கூடப்பிறந்தவன் இல்லை. ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடைக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"மாமன் இல்லாத பிள்ளைக்கு நீங்கதான்பா மடி கொடுக்கணும்."

"சித்தப்பன் மகன் யாரையாச்சும் அனுப்புதேன் தாயி."

"வேற மடி வேண்டாம். நீங்க வராட்டா என் பிள்ள காது மூளியாவே கிடக்கட்டும்."

பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று வேல்சாமிக்குத் தெரியாதா? ஒப்புக்கொண்டார். முத்தாத்தாள் முன்னாலேயே போய்விட்டாள்.

வேனைத் தொடவில்லை. பஸ்ஸில்தான் கிளம்பினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கினார். ஆண்டாள் கோபுரத்தைப் பார்த்து, "தாயே, இந்த ஒரு தடவை என்னய நல்லதுக்குக் கொண்டு போ" என்று கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறினார். மேட்டுப்பாளையத்தில் பவானியில் மூன்று முழுக்குப் போட்டு, புது வேட்டி கட்டிக்கொண்டு மலை ஏறினார்.

அவ்வளவு வருஷமும் ஊட்டியை அவர் முதுகுப்பக்கமாகத்தான் பார்த்திருந்தார். பிணவறைக் கதவு, ஆஸ்பத்திரிப் பின்கேட், வந்த வழியே இறக்கம். இப்போதுதான் முகத்தைப் பார்த்தார். சுற்றிலும் மலை, நடுவே குழிவான ஊர். வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து வந்து, சாவகாசமாக உட்கார்ந்து கட்டிய கல் கட்டடங்கள், மணிக்கூண்டு, மேட்டில் மஞ்சள் பூசிய சர்ச், அவன் வெட்டிய ஏரி. குதிரைப் பந்தய மைதானத்துக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் நின்றார். "இம்புட்டு அழகான ஊரா இது?" என்று வாய்விட்டே சொன்னார். மனசு லேசாக இருந்தது.

மார்க்கெட் வாசலில் அது முடிந்தது. முட்டைக்கோஸ் மூட்டை சுமந்துவந்த சங்கையா, மகாராஜபுரத்துக்காரன், இவரைப் பார்த்ததும் மூட்டையை அப்படியே போட்டான். 

"அண்ணாச்சி... யாரு?"

"யாருமில்லப்பா, நான் வந்தது..."

முடிக்கவிட்டால்தானே? "வேல்சாமி அண்ணாச்சி வந்துட்டாருடோய்" என்று கத்திக்கொண்டே ஓடினான். அவர் வந்தால் மலையில் நம்மாள் யாரோ விழுந்துவிட்டான் என்றுதான் அந்தச் சனத்துக்கு அர்த்தம். இவர் கோயில் தெருவுக்குள் நுழைவதற்குள் சேதி முந்திக்கொண்டது. வாசலுக்கு வாசல் பெண்கள் நின்றார்கள். இரண்டு நாளாக மழை. வ. புதுப்பட்டி சுடலையம்மாளின் புருஷன் வீரணன் காலையில்தான் சரிவில் கட்டடத்துக்கு வானம் தோண்டப் போயிருந்தான். அவள் வேல்சாமியைப் பார்த்தாள். பையோடு தன்னை நோக்கித்தான் வருகிறார் என்று நினைத்துவிட்டாள்.

"என் ராசா, என்னய விட்டுட்டுப் போயிட்டியா" என்று மாரில் அடித்துக்கொண்டு மண்ணில் விழுந்தாள். தெருவே கூடி அழுதது. "ஒண்ணும் இல்ல தாயி, காதுகுத்துக்கு வந்தேன்" என்று இவர் கத்துவது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு இடுப்புவரை சேறோடு ஓடிவந்தான் வீரணன். சேதி அவனுக்கும் போயிருந்தது.

"யாருட்டி செத்தது?" என்று பெண்டாட்டியையே கேட்டான்.

சுடலையம்மாள் எழுந்து அவனைப் பளார் என்று அறைந்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். அழுத சனம் சிரித்தது. வேல்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. பால்கோவாப் பையை ஒரு மதில்மேல் வைத்துவிட்டு, வந்த வழியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

சண்முகத்தாய் பிள்ளையை இடுக்கிக்கொண்டு ஓடிவந்து முன்னால் நின்றாள்.

"எங்கப்பா போறீக?"

"பாத்தியாட்டி. நான் கால வச்சதும் ஒப்பாரி. நல்ல காரியத்துல எனக்கு என்ன வேல? பிள்ள நூறு வருசம் இருக்கட்டும். என்னய விடு."

"செத்தவுகள எல்லாம் அவுகவுக வீட்டுல கொண்டு சேத்தீக. உசுரோட இருக்க மக வீட்டுக்கு வர மட்டும் உங்களுக்கு வழி தெரியலயாக்கும்?"

அவர் பிள்ளையைக்கூட ஏறிட்டுப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தார்.

பின்னாலேயே சுடலையம்மாள் வந்தாள், அவிழ்ந்த கூந்தலும் மண் அப்பிய முகமுமாக. கையில் அவர் விட்டுவந்த பை.

"அண்ணாச்சி, நான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கிடுங்க. எங்க ஐயாவ உங்க வண்டியிலதான் கொண்டு போனேன். தலை என் மடியில கிடந்துச்சு. வளைவுக்கு வளைவு 'பாத்து, தலை பத்திரம்'னு சொன்னீக. பெத்த மகன்கூட அம்புட்டு சொல்ல மாட்டான். நீங்க தொட்டா பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. வாங்க."

அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவள் அவள்தான். மாரில் அடித்துக்கொண்ட அதே கை.

மாரியம்மன் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பேத்தியை முத்தாத்தாள் அவர் மடியில் வைத்தாள். காது குத்த வந்த பத்தர் ஊசியை எடுத்ததும் பிள்ளை திமிறியது. அவர் அதன் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "பாத்து, தலை பத்திரம்" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. ஊசி இறங்கியது. பிள்ளை வீறிட்டது, உதைத்தது, அவர் கட்டைவிரலைப் பிடித்துக் கடித்தது. அழுகை கேட்டே காலம் தள்ளிய மனிதர். அவர் தொட்டுத் தூக்கியவர்கள் ஒருத்தரும் அவர் கையில் அழுததில்லை. அவருக்குக் கண்ணீர் கொட்டியது.

அழுகையோடு பிள்ளை மடியையும் நனைத்துவிட்டது. புது வேட்டி ஊறிப்போனது. முத்தாத்தாள் பழக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். மகளும் மாற்றுவேட்டி எடுத்து வந்தாள்.

"எந்திரிங்கப்பா, குளிரு விறைக்கும். கழுவிட்டு மாத்திக்கிடுங்க."

"இருக்கட்டும்" என்றார் வேல்சாமி.

பந்தி முடிந்து எல்லோரும் எழுந்து போகும்வரை, அந்தக் குளிரில், அந்த ஈர வேட்டியோடேயே அவர் உட்கார்ந்திருந்தார்.