ஏறாத முள்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு காராம், அந்தக் காருக்குள்ளே ஏறவே ஏறாத ஒரு முள்ளாம். ஊர் மலேசியாவின் சிகாமட், கார் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், ரிப்பேர் பார்த்தவன் நான். இந்தத் தொழிலில் காரைவிட, காரோடு வருகிறவர்களைப் புரிந்துகொள்வதுதான் கஷ்டம். ஸ்பேனர் பிடித்தவர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

பூஜ்யம்

காரின் சொந்தக்காரர் மணியம் அங்கிள் அதைக் கயிறு கட்டி எங்கள் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். ஓடும்போதே எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு விழுந்துவிட்டதாம். இன்ஜின் போச்சு என்று பயந்துபோயிருந்தார். சனிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் ஒரு சிங்கப்பூர்க்காரருக்கு விற்றுவிடுவதாக மனைவி சரோஜா ஆன்ட்டியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். கூடவே வந்த ஆன்ட்டி என்னிடம் சொன்னார்: "போன வெள்ளத்துல முதல்ல இதத்தான் தம்பி மேட்டுல ஏத்துனாரு. அப்புறம்தான் என்னைக் கூப்பிட வந்தாரு."

புதுச் சென்சார்

இன்ஜினில் நேராக வேறொரு மீட்டரை மாட்டிப் பார்த்தேன். அழுத்தம் ஜம்மென்று இருந்தது. அப்படியானால் கெட்டது, அதை முள்ளுக்குச் சொல்லும் சென்சார்தான்.

வெள்ளிக்கிழமை புதுசு வந்தது. எண்ணெய் கசியக்கூடாதே என்று சென்சாரின் திருகு மரைக்கு, குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை நன்றாகச் சுற்றி முறுக்கினேன். ஸ்டார்ட் செய்தால் முள் அசையவில்லை. வயரை மாற்றினேன். சென்சாரைக் கழற்றி, டேப் இன்னும் ரெண்டு சுற்றுச் சுற்றி, திரும்ப மாட்டினேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அங்கிள் மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு மீட்டர்ல எது தம்பி பொய் சொல்லுது?"

வெள்ளை டேப்

சனிக்கிழமை காலை பட்டறை முதலாளி ராஜு அண்ணன் ரொட்டி சானாயைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து பார்த்தார். அந்தச் சென்சாருக்கு ஒரே வயர். மின்சாரம் திரும்பிப் போகிற வழி அதன் உடம்பு, அதாவது மின்சாரம் கடத்தாத டேப்பால் நான் அக்கறையாக மூடிவைத்த அதே மரை. அண்ணன் சொன்னார்: "அலமாக், வாயில துணியக் கட்டிட்டுப் பேசு பேசுன்னா எப்படிடா பேசும்?"

முள் ஏறியது

டேப்பை உரித்து, செம்பு வாஷர் போட்டு முறுக்கினேன். முள் எழுந்து நின்றது. அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கார் பிழைத்தது என்று நானும் நினைத்தேன். ஆன்ட்டி குனிந்து முள்ளைப் பார்த்தார், கைப்பையிலிருந்து போனை எடுத்துச் சிங்கப்பூர்க்காரரைக் கூப்பிட்டபடியே சொன்னார்: "நல்லதாப் போச்சு. இனி நல்ல வண்டின்னு சொல்லியே வித்துடலாம் லா."

போனைக் காதில் வைத்தபடி அவர் எதிர்ச் சாப்பாட்டுக் கடைக்கு நடந்தார், அங்கிளும் பின்னாலேயே போய்விட்டார், அந்தக் காரை நான் காப்பாற்றினேனா விற்றுக் கொடுத்தேனா என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.