மாகறலில் கை நனைத்த கதை

பெருங்குடலில் புண் என்று காஞ்சிபுரத்தில் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னபோது எனக்கு இருபத்தெட்டு வயது. தொண்ணூறுகளின் பிற்பகுதி. திருப்புலிவனத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம், வாடகைக்கு ஓட்ட ஒரு பழைய டிராக்டர், கல்யாண வயதில் ஒரு தங்கை. அப்பா அம்மா இல்லை. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை ரத்தமும் சளியுமாகப் போகும். உழுதுகொண்டிருக்கும்போதே வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுப் பனைமரத்து மறைவுக்கு ஓடுவேன். "வண்டி நல்லாத்தான் கீது, டிரைவர்தான் ரிப்பேரு" என்று நிலத்துக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். மனசுக்குள் அவர்களைத் திட்டாத நாள் கிடையாது.

ஆஸ்பத்திரி மாத்திரையில் பாதி அடங்கியது, பாதி அடங்கவில்லை. அப்போதுதான் காஞ்சிபுரத்தில் ஓர் ஆயுர்வேத டாக்டரம்மாவிடம் போனேன். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருந்திருப்பார், அவ்வளவுதான். ஒரு டப்பா லேகியமும் ஒரே மாதத்தில் சரியாகிவிடும் என்ற பேச்சும் கிடைக்கும் என்று நினைத்துப் போனவன் நான். அவரோ நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், என்ன தின்கிறேன், எப்போது தூங்குகிறேன் என்று அரைமணி நேரம் துருவினார். கடைசியில், "இது வேரோட போற வியாதி இல்லீங்க. அடக்கி வெக்கலாம். ஆஸ்பத்திரி மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது. நான் குடுக்கறதையும் அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார். பொய் சொல்லாத ஆள் என்று அந்த நிமிஷமே எனக்குப் பிடித்துவிட்டது.

குடசப்பாலைப் பட்டைக் கஷாயம், வில்வப் பிஞ்சுப் பொடி. கசப்புதான், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிடலாம். பத்தியம்தான் ஆளைப் படுத்தியது. மிளகாய் இல்லை, புளி இல்லை, கறி மீன் இல்லை, கத்திரிக்காய் இல்லை. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் இல்லை. மல்லாட்டை விளைகிற ஊரில் இருந்துகொண்டு மல்லாட்டையைத் தொடக் கூடாது! ரத்தம் நிற்கும்வரை நெல்பொரிக் கஞ்சி. நின்ற பிறகு குழைய வடித்த பழைய அரிசிச் சோறும், வெண்ணெயை முழுக்க எடுத்துச் சுக்குப் பொடி போட்ட மோரும். அன்றன்றைக்குக் கடைந்ததாக இருக்க வேண்டும். லேசாகப் புளித்தாலும் கொட்டிவிட வேண்டும்.

இத்தனையும் செய்தவள் என் தங்கை. காலையில் கடைந்து தூக்குவாளியில் ஊற்றி, நான் எந்த வயலில் இருந்தாலும் தேடிக் கொண்டுவந்து தருவாள். ஆறேழு மாதத்தில் எட்டுத் தடவை இரண்டு தடவை ஆனது. அந்த வருஷம் நடவுக்குத் தண்ணீர் கட்டிச் சேறடிக்கிற சேடை ஓட்டியபோது காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு முறைகூட வண்டியை விட்டு இறங்கவில்லை. ஏதோ பெரிய பரீட்சையில் தேறியவன்போல வீட்டுக்கு வந்து அவளிடம் பீற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் மாகறலில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்குப் பால் சொசைட்டியில் வேலை, செய்யாற்றங்கரையில் நிலம். பெண் பார்க்க வந்துபோனார்கள். தங்கை வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீடு பெருக்கினாள். அடுத்து நாங்கள் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. பெண் வீட்டார் அங்கே கை நனைத்தால், அதாவது இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால், சம்மதம். "இன்னொரு நாள் வந்து சாப்பிடுறோம்" என்று எழுந்தால், இடம் பிடிக்கவில்லை. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லாமலிருக்க இப்படி ஓர் ஏற்பாடு.

பெரியப்பா, இன்னும் மூன்று உறவுக்காரர்களோடு போனேன். எல்லாம் நல்லபடியாகப் பேசி முடித்தோம். இலை போட்டார்கள். கோழிக் குழம்பு, செக்கச்செவேலென்று. ஒரு வாய் வைத்தால் பஸ் ஏறுவதற்குள் என் மானம் போய்விடும். வியாதியைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயம். வயிற்றை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த நான், "இன்னொரு நாள் வந்து சாப்பிடுறோம்" என்று சொல்லிவிட்டேன். நான் உட்காராமல் மற்றவர்கள் எப்படி உட்காருவார்கள்? பையனின் அம்மா கரண்டியோடு அப்படியே நின்றார்.

மறுநாள் தரகர் வந்தார். "அவங்களுக்குப் புரிஞ்சி போச்சி. வேற எடம் பாக்கறாங்களாம்" என்றார்.

தங்கை அழவில்லை. மத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் போய்ட்டா உனக்கு மோரு கடைய ஆளில்ல. அதானேண்ணா?" என்றாள்.

இல்லவே இல்லை என்று கத்தினேன். கத்திய கத்தலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வெட்கமாக இருந்தது. "அன்னிக்கு விரதம்னு சொல்லி சமாளிச்சிடறேன்" என்றேன்.

"பொய் சொல்லிக்கினு என்னிய அனுப்பாத. நோவு கீற வூட்டுப் பொண்ணு வேணான்னா, அந்த வூடு எனக்கும் வேணாம்" என்றாள். பெருமையில் என் நெஞ்சு விம்மியது. அவளிடம் மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்று நாள் அவளை அடுப்பங்கரைக்குள் விடவில்லை. முதல் நாள் கஞ்சி அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் மோரில் பாதி தரையில். மூன்றாம் நாள் வெண்ணெய் அழகாகத் திரண்டு வந்தது. நாலாம் நாள் காலையில் மோரைக் கடைந்து எடுத்துக்கொண்டு மாகறலுக்கு பஸ் ஏறினேன்.

பையனின் அம்மா வாசலில் காயப்போட்ட நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார். "புடிக்காம போனவரு இன்னாத்துக்குத் திரும்பி வந்தாரு?" என்றார், நெல்லைப் பார்த்தபடியே.

"ஒரு எல போடுங்கம்மா. வெறும் சோறு மட்டும் வெயுங்க. சொல்றேன்."

இலை கேட்டு வந்தவனை விரட்ட அவருக்கு மனம் வரவில்லை. சோறு வைத்தார். என் மோரை அதில் ஊற்றிப் பிசைந்து முதல் வாய் சாப்பிட்டேன். பிறகு சொன்னேன்: "எனக்குப் பெருங்குடல்ல புண்ணும்மா. ரத்தமா போவும். இப்ப அடங்கி கீது, ஆனா முழுசா போவாதுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. ஒட்டிக்கிற வியாதி இல்ல. அன்னிக்கு வெக்கப்பட்டுக்கினு சொல்லாம வுட்டுட்டேன். உங்க வூடு புடிக்காம இல்ல. எனக்கோசரம் என் தங்கச்சிய வேணாம்னு சொல்லிடாதீங்க."

அவர் என் தூக்குவாளியிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்துப் பார்த்தார்.

"புளிப்பே இல்ல. தங்கச்சி கடஞ்சதா?"

"நான் கடஞ்சது. கஞ்சி காச்சவும் கத்துக்கினேன். இனிமே எல்லாம் நானேதான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே திரும்பி, "இன்னாங்க, காலண்டர எடுத்துக்கினு வாங்க, நாளு பாக்கணும்" என்று குரல் கொடுத்தார். பிறகு என்னிடம், "சாப்டு நைனா, இன்னாத்துக்கு நிறுத்திட்ட?" என்றார்.

இலையில் இருந்தது மிளகாய் வாசனைகூடப் படாத மோர்ச் சோறு. ஆனாலும் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.