இருதய ஆண்டவர் படத்து பல்பு

அல்போன்சா காலைப் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஆண்டவர் மேல் கோபம் ஒன்றும் இல்லை. விடிந்து வெளிச்சம் வரும் அந்த நேரத்தில்தான் வீட்டில் கரண்ட் போகும். கரண்ட் போனால் சிலுவைமுத்துவுக்கு மூச்சு முட்டும்.

சிலுவைமுத்து அவள் புருஷன். திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டிக்கும் மருந்துத் தொட்டிக்கும் நடுவே நின்றே வாலிபத்தைக் கழித்தவர். இப்போது நுரையீரல் உதவாமல் போய், மூக்கில் குழாயோடு கூடத்துக் கட்டிலில் கிடக்கிறார். காலடியில் ஆக்சிஜன் மெஷின் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அல்போன்சாவும் உட்கார்ந்து சாப்பிட்டவள் இல்லை. கல்யாணமான கையோடு நூல்மில்லுக்குப் போனவள். தாடிக்கொம்பு ரோட்டுக்கு உள்ளே இந்த இடத்தை வாங்கித் தளம் போட்ட வீடு கட்டியது அந்தப் பஞ்சுத் தூசியில் சம்பாதித்துத்தான். மில் இரைச்சலில் பழகிய காது என்பதால் மெஷின் சத்தம் அவளுக்கு உறைக்காது. சத்தம் நின்றால்தான் பதறுவாள்.

மெஷினால் கரண்ட் பில் எகிறவே மாடியில் சோலார் போட்டார்கள். கோடையில் ஒரு தொல்லையும் இல்லை. ஐப்பசி பிறந்து பனியும் தூறலுமாக ஆனபிறகு ஆரம்பித்தது. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சோலார்காரர்கள் புதிதாக ஒரு பிரேக்கர் வைத்திருந்தார்கள். எங்கேயாவது மின்சாரம் கசிந்தால் ஆளைக் காப்பாற்றத் தானாக விழுகிற சாமான். அது காலையில் டப்பென்று விழும். அடுப்படியில் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, மூலையில் நிற்கும் சின்ன சிலிண்டரைத் திறந்து, குழாயை அதில் மாட்டிவிட்டு, வாசலுக்கு ஓடி பிரேக்கரைத் தூக்கிவிடுவாள். சில நாள் நிற்கும். சில நாள் தூக்கத் தூக்க விழும். வெயில் ஏறிவிட்டால் எதுவுமே நடக்காததுபோல் நாள் பூராவும் ஓடும்.

ஒரு நாள் பால் வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தபோது விழுந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் சிலுவைமுத்துவின் உதடு நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. அதன்பிறகு அவள் வாசல் தாண்டவில்லை. கல்லறைத் திருநாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மகன் ராபினின் கல்லறைக்கு இந்த வருஷம் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தக்கூடப் போகமுடியாது போலிருந்தது.

சோலார் கம்பெனியிலிருந்து மணிமாறன் மூன்றாவது தடவையாக வந்தான். நெய்க்காரப்பட்டிக்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். முதல் தடவை பிரேக்கரை மாற்றினான். அடுத்த தடவை பிரிட்ஜில்தான் கோளாறு என்று சொல்லி அதை ஒரு வாரம் அணைத்துப்போட வைத்தான். இரண்டும் பலிக்கவில்லை.

"ஏனுங்கம்மா, பழைய வயரிங்லதான் ஏதோ இருக்குன்னு நினைக்கறனுங்க," என்றான்.

கட்டிலில் இருந்து சிலுவைமுத்து கையைத் தூக்கினார். ஒரு பேச்சு பேச அவருக்கு இரண்டு மூச்சு வேண்டும்.

"ஏலே அப்பு... அது என் மவன் போட்ட வயரிங்கு. இம்புட்டு வருசத்துல ஒரு பியூசு போனதில்ல. மொதல்ல ஒன் சாமானத்தப் பாரு."

"உங்க பையன் மேல குத்தம் சொல்லலீங்கய்யா."

"சொல்லித்தான் பாரேன்... எந்திரிச்சு வந்து அடிக்கவா போறேன்," என்று சிரிக்கப் போனவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அல்போன்சா குழாயை சிலிண்டருக்கு மாற்றி, முதுகைத் தடவிக் கொடுத்தாள். இருமி இருமி அசந்து கண்ணை மூடினார்.

ராபின் வயர்மேனாக இருந்தவன். சித்தையன்கோட்டைப் பக்கம் பெருமாள்சாமி என்பவரின் தென்னந்தோப்பில் மோட்டார் ரூமுக்கு லைன் போட்டுக் கொடுத்தான். அடுத்த கோடையில் அந்த மோட்டாரில் ஏதோ சத்தம் என்று கூப்பிட்டதால் பார்க்கப் போனான். மோட்டார் மேல் கை வைத்தவன் ஷாக் அடித்து விழுந்தான், பிறகு எழவில்லை. அடக்கத்துக்கு வந்த பெருமாள்சாமி, "நாங்க எதையும் தொடலம்மா, தம்பி போட்ட லைன் போட்டபடியேதான் இருக்கு," என்று அழுதார். அந்த வார்த்தையை அல்போன்சாவால் பொறுக்க முடியவில்லை. தெருமண்ணை இரண்டு கையாலும் வாரி அவர் முகத்தில் தூற்றினாள்.

"என் பிள்ளையக் கொன்னுட்டு அவன் மேலயே பழியப் போடுறியா? ஒன் தோப்பு பட்டுப்போவும்."

அவர் துண்டால் முகத்தைக்கூடத் துடைக்காமல் போனார். அதிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் இவர்கள் போவதற்கு முன்பே ராபினின் கல்லறையில் ஒரு செவ்வந்தி மாலை கிடக்கும். அவர்தான் வைத்துவிட்டுப் போகிறார் என்று காவல்காரர் சொன்னார். மாலையைச் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டுத்தான் அல்போன்சா மெழுகுவர்த்தியைக் கொளுத்துவாள்.

மணிமாறன் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான். வெயில் ஏறிவிட்டதால் பிரேக்கர் அசையவில்லை. ஹோஸ் பைப்பை மாடிக்குத் தூக்கிப் போய் பேனல்களை நனைத்தான். கீழே டப்பென்று சத்தம் கேட்டது.

"ஈரம் பட்டாத்தானுங்க விழுது," என்று இறங்கி வந்தான். "ஆனா ஈரம் மட்டும் இதத் தள்ளாதுங்க. கூட வேற ஏதோ சேருது."

பியூஸ்களை எல்லாம் கழற்றிவிட்டு பிரேக்கரைத் தூக்கினான். நின்றது. அடுப்படி பியூஸைப் போட்டான், நின்றது. உள்ரூம் பியூஸைப் போட்டான், நின்றது. கூடத்துப் பியூஸைப் போட்டதும் விழுந்தது. கூடத்தில் ஃபேனை அணைத்தான். டிவி, மெஷின் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கினான். மறுபடியும் விழுந்தது.

"வேற என்னங்கம்மா ஓடுது இங்க?"

"வேற ஒண்ணும் இல்லய்யா. அம்புட்டுத்தான்."

அவன் மறுபடி பிரேக்கரைத் தூக்கினான். விழுவதற்கு முன் ஒரு கணம், சுவரில் இருதய ஆண்டவர் படத்துக்கு மேல் சிவப்பு பல்பு கண் சிமிட்டியதைப் பார்த்துவிட்டான்.

"அந்த லைட்டுக்கு சுவிட்ச் எங்கீங்க?"

"அதுக்கு ஏது சுவிச்சு? ஆண்டவர் படத்து லைட்ட அணைக்கப்படாதுய்யா. அதான் வைக்கல." எப்போதும் எரிகிற விளக்கு என்பதால் ஓடுகிற சாமான் கணக்கில் அதைச் சேர்க்க அவளுக்கே தோன்றவில்லை.

அவன் ஸ்டூலைப் போட்டு ஏறி பல்பைக் கழற்றினான். பிரேக்கரைத் தூக்கினால் நின்றது. பல்புக்குக் கீழே இருந்த ஃபேன் சுவிட்ச் பெட்டியைத் திருகிப் பார்த்தான். பல்பின் ஒரு வயர் சரியாக வந்திருந்தது. இன்னொன்று பச்சை வயரில் முறுக்கிவிடப்பட்டிருந்தது.

"அடக் கடவுளே. கரண்ட் திரும்பிப் போற நியூட்ரலுக்குப் பதிலா எர்த்துல குடுத்திருக்காங்க," என்றான் தணிந்த குரலில். "ராப்பகலா கரண்ட் மண்ணுக்குள்ள போயிட்டே இருக்குதுங்க. பேனல் நனைஞ்சா அதுவும் கொஞ்சம் கசியும். ரெண்டும் சேர்ந்தா பிரேக்கர் தாங்காதுங்க. எந்தப் புண்ணியவான் வேலைங்கம்மா இது?"

புதுவீட்டை ஜெபித்து மந்திரிக்க சாமியார் தெருமுனையில் வந்துகொண்டிருந்த சாயங்காலம் அவளுக்கு ஞாபகம் வந்தது. ராபின் இதே மாதிரி ஒரு ஸ்டூலில், வாயில் டேப்பைக் கடித்துக்கொண்டு நின்றான். நியூட்ரல் வயர் அங்கே எட்டவில்லை. "அவசரத்துக்கு எர்த்தே போதும்மா. எங்க தோதில்லையோ அங்கெல்லாம் நான் இப்படித்தான் குடுக்குறது. ஜோரா எரியும் பாரு," என்றான். எரிந்தது. அவள் கை தட்டினாள்.

"எவனோ ஒரு ஆளு," என்றாள் அல்போன்சா. "பொறவு வந்து மாட்டுனது. என் மவன் இல்ல."

"நானும் அப்படித்தான் நினைச்சனுங்க. இங்க எர்த் குழியில எப்பவும் ஈரம் இருந்ததால தப்பிச்சீங்க. கோடையில குழி காஞ்சுபோச்சுன்னா, பல்பு வழியா வர்ற கரண்ட் இறங்க வழியில்லாம பிரிட்ஜ், மோட்டார் எல்லாத்தோட பாடியிலயும் நின்னுக்குமுங்க. தொட்டவங்க கதை முடிஞ்சுதுங்க."

"கோடையிலயா?"

"ஆமாங்க."

அவள் சுவிட்ச் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தோட்டத்து மோட்டார் ரூமுல இப்படி ஒரு லைட்டு மாட்டியிருந்தாலும் இதே கதிதானா?"

"எங்கீங்கம்மா?"

"சும்மா கேட்டேன்."

"எர்த் காஞ்சிருந்தா அங்கயும் அதேதானுங்க."

தோப்பில் அந்த வயர்களை எல்லாம் பெருமாள்சாமி அப்போதே பிடுங்கிப் போட்டுவிட்டதாகக் கேள்வி. இனி போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள அங்கே ஒன்றும் இல்லை. அப்படி இருந்திருக்கும் என்பதற்கும் சாட்சி இல்லை, இல்லை என்பதற்கும் இல்லை.

மணிமாறன் எதிர்ச் சுவரின் சுவிட்ச் பெட்டியிலிருந்து நியூட்ரலுக்கு ஒரு புது வயர் இழுத்தான். சுவரை உடைக்காமல், மேலாகவே கிளிப் அடித்துப் படம் வரை கொண்டுவந்து, பல்பைத் திரும்ப மாட்டினான். பல்பு எரிந்தது. மறுபடி பேனலை நனைத்துப் பார்த்தான். பிரேக்கர் நின்றது. மெஷின் பழையபடி ஓடத் தொடங்கிய சத்தத்தில் சிலுவைமுத்து கண் திறந்தார்.

"என்னலே... கோளாறு?"

மணிமாறன் வாயைத் திறக்குமுன் அல்போன்சா சொன்னாள். "எலி கடிச்சிருக்கு."

"பாத்தியா? நாந்தான் சொன்னேன்ல... என் மவன் வேலையில நொட்ட சொல்ல முடியுமா?"

கல்லறைத் திருநாளன்று காலையில் தூறல் போட்டது. அல்போன்சா பிரேக்கரையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அது விழவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ராபினின் கல்லறை மேல் செவ்வந்தி மாலை நனைந்து கிடந்தது. பழக்கத்தில் கை அதை எடுத்துவிட்டது. சுவர்வரை போனாள். எறிய முடியவில்லை. திரும்பி வந்து, கிடந்த இடத்திலேயே வைத்து, புரண்டிருந்த பூக்களை நேராக்கினாள். மழையில் மெழுகுவர்த்தி நிற்காமல் அணைந்து அணைந்து போயிற்று. மகனிடம் அவள் கேட்க நினைத்த ஒரே கேள்வியை அவன் தலைமாட்டில் நின்று கேட்க மனம் வரவில்லை. சித்தையன்கோட்டைக்கு பஸ் எந்த நேரத்துக்கு என்று வாசலில் பூக்காரியிடம் கேட்டாள். அவள் சொன்னாள். அல்போன்சா வீட்டுக்கே திரும்பினாள்.

"அந்தாளு இந்த வருசமும் மால வச்சிருந்தானா?" என்று கேட்டார் சிலுவைமுத்து.

"வச்சிருந்தாரு."

"தூக்கி எறிஞ்சியா?"

"எறிஞ்சிட்டேன்."

அவர் திருப்தியாகக் கண்ணை மூடினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போலப் படத்துப் பக்கம் பார்த்தார். சிவப்பு பல்பு எரிந்தது. சுவர் நெடுக வெள்ளை வயர் கிளிப் கிளிப்பாக ஓடியது.

"இவன் வேலையப் பாரு... அசிங்கமா வெளிய தெரியுது," என்றார். "என் மவன் போட்டா... ஒண்ணும் வெளிய தெரியாது."

அல்போன்சா ஈரக்குடையை விரித்து மூலையில் வைத்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.