மணியக்காரர் ஒட்டிய பாடம்

நீங்கள் படித்த பள்ளியில் 'அடிப்படை உரிமைகள்' பாடத்தை யாராவது நடத்தினார்களா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். வரலாற்றுப் புத்தகத்தின் கடைசியில், அரசர்களெல்லாம் செத்து முடிந்த பிறகு, குடிமையியல் என்ற பெயரில் பத்துப் பதினைந்து பக்கம் இருக்கும். மார்ச் மாதம் வந்ததும் ஆசிரியர் அதன் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, "இது பரீட்சைக்கு வராது" என்பார். எந்த அரசன் எத்தனை மரம் நட்டான் என்று நெட்டுருப் போட்ட நமக்கு, நம்முடைய உரிமை மட்டும் பரீட்சைக்கு வராத பாடம்.

அந்தக் கோட்டை இழுக்கத் தெரியாத ஆசிரியர் ஒருவர் இருந்தார். பெயர் சுப்புராயன். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்தினார். அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் களை எடுத்துப் படிக்க வைத்த பிள்ளை. எந்தப் பாடத்தை விட்டாலும் இந்தப் பாடத்தை விட அவருக்கு மனம் வராது.

1976-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அதை நடத்தியதுதான் அவர் செய்த குற்றம். நாட்டில் நெருக்கடி நிலை. வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், இந்த உரிமையெல்லாம் இப்ப நமக்கு இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டான்.

"புஸ்தகத்துல இருக்குது. கோர்ட்டுக்குப் போய்க் கேக்கத்தான் வழியில்ல" என்றார் சுப்புராயன்.

பத்தே நாளில் மாறுதல் உத்தரவு வந்தது. கல்வராயன் மலைமேல் ஓராசிரியர் பள்ளி. உடன் வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் வரிசையாக வந்து கையைப் பிடித்தார்கள். தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடித்துவிட்டார்களே என்று அங்கலாய்த்தார்கள். பாவம், மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓடை என்பது அவர்களுக்குத் தெரியாது.

கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். பெட்டிக்குள் இரண்டு வேட்டி, ஒரு எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம்.

இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து இருபத்தொன்பது ஆண்டு ஆகியிருந்தது. அது கல்வராயன் மலைக்கு ஏறி வரும் வழியில் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அந்த ஜூன் மாதம்தான், ஜமீன்போலப் பரம்பரையாக மலையை ஆண்டுவந்த ஜாகீர் முறை போய், மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அதுவரை ஜாகீருக்காக வரி தண்டிய மணியக்காரர் ராஜாங்கம் தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, மக்கள் நலக்குழுத் தலைவர் ஆகிவிட்டார். வேலை மட்டும் பழைய வேலைதான். அவர் ஆள் விட்டால் வீட்டுக்கு ஒருவர் சொந்த ஏரோடு, சொந்தச் சோற்றோடு அவர் நிலத்துக்குப் போக வேண்டும். கூலி கிடையாது. வெட்டி வேலை என்று பெயர். பிள்ளைகள் குருவி விரட்டப் போக வேண்டும். அந்த நாட்களில் பள்ளியில் சுப்புராயனும் கரும்பலகையும் மட்டும் இருப்பார்கள்.

ஒரு நாள் மாலை பெற்றோரையும் கூட்டி உட்கார வைத்து, புத்தகத்தைப் பிரித்தார். கூலி கொடுக்காமல் ஒருவரைக் கட்டாயமாக வேலை வாங்கக் கூடாது என்று நாட்டின் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்றார். யாரும் நம்பவில்லை. சின்னக்கண்ணு என்பவர் மட்டும் நெடுநேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். அவர் மகள் செவ்வந்தி ஐந்தாம் வகுப்பு. கடைசியில் அவர்தான் வாயைத் திறந்தார்.

"சார், கீழ ஊர்ல உரிமையெல்லாம் போன வருசமே நிறுத்திட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா."

"மேல மலைக்கு இப்பத்தான் வருதுன்னும் நீங்கதான சொல்றீங்க?"

"ஆமா."

"அப்ப அங்க வேணாம்னு கழிச்சதத்தான் இங்க ஏத்தி வுட்டானுங்களா?"

கூட்டம் சிரித்தது. சுப்புராயனும் சிரித்தார். பத்து வருட வாத்தியார் வேலையில் அவரிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

சிரிப்புச் சத்தம் ராஜாங்கத்தின் காதுக்குப் போனது. அவர் கீழே மனு அனுப்பினார். ஒரு மாதத்தில் கல்வி அதிகாரி ஒருவர் வேர்க்க விறுவிறுக்க மலையேறி வந்து, ராஜாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இன்னாய்யா சுப்புராயன், அஞ்சாம் கிளாசுக்கு எட்டாம் கிளாஸ் புஸ்தகம்?"

"எட்டாம் கிளாஸ் வரைக்கும் இங்க யாரும் போறதில்லீங்க ஐயா. அதான் முன்னாடியே சொல்லிடறேன்."

"இந்தப் பாடம் இப்ப அமல்ல இல்ல. தெரியுமில்ல? உன்ன வேற எங்கயாவது மாத்தலாம்னா, தண்டனைக்குன்னு இதவுட மேல நம்மகிட்ட மலையே இல்ல. ஒழுங்கா அஆ சொல்லிக் குடு." புத்தகத்தைத் தம் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

அன்றிரவு சுப்புராயன், வேட்டி மட்டும் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். சோளக்கொல்லையில் களை தொடங்கப் போகிறது. கதிர் பிடித்ததும் பிள்ளைகள் இன்னொரு தலைமுறையாகக் குருவி விரட்டப் போய்விடும். கையில் புத்தகமும் இல்லை.

ஆனால் ராஜாங்கத்துக்கு வெற்றி தலைக்கேறியிருந்தது. அரசாங்கத்துக்கு விசுவாசம் காட்டக் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு கட்டுச் சுவரொட்டி வாங்கி வந்தார். தாமே பசை காய்ச்சி, பள்ளிச் சுவரில் வரிசையாக ஒட்டினார். மேலே கொட்டை எழுத்தில் பேச்சைக் குறைத்து உழைப்பைப் பெருக்கச் சொல்லும் வாசகம். அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"பாத்துக்கினியா வாத்தியாரே? நான் இத்தினி வருசமா சொன்னதத்தான் டில்லியிலயும் சொல்றாங்க."

"நல்லாப் பாத்தேங்க" என்றார் சுப்புராயன்.

அவர் உண்மையிலேயே நன்றாகப் பார்த்திருந்தார். கொட்டை எழுத்துக்குக் கீழே, அரசின் திட்டங்கள் என்று பொடி எழுத்தில் இருபது வரிகள் இருந்தன. அவற்றில் ஒன்று, கொத்தடிமை முறை எங்கே இருந்தாலும் அது சட்டவிரோதம் என்றது. உரிமைகளை மூட்டை கட்டி வைத்த அதே அரசாங்கம், அதே கையால் எழுதியது. மணியக்காரருக்குப் படிக்கத் தெரியும். ஆனால் உழைக்கச் சொல்லும் வரியைக் கண்ட பிறகு மேற்கொண்டு படிக்க அவருக்குத் தேவை ஏற்படவில்லை.

மறுநாளிலிருந்து பள்ளியில் வாசிப்புப் பயிற்சி சுவரைப் பார்த்து நடந்தது. அரசாங்கச் சுவரொட்டியைப் படிக்கச் சொல்வதை எந்த அதிகாரி குற்றம் சொல்வார்? பிள்ளைகள் எழுத்துக் கூட்டின. செவ்வந்தி அந்த ஒரு வரியை வீட்டில் ஏழெட்டு முறை சத்தம் போட்டுப் படித்தாள். சின்னக்கண்ணு ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

களை தொடங்கிய நாளில் ராஜாங்கம் ஆள் விட்டார். சின்னக்கண்ணு போகவில்லை. அவரைப் பார்த்து இன்னும் ஒன்பது வீடு போகவில்லை. ராஜாங்கம் செருப்புச் சத்தம் கேட்கப் பள்ளிக்கு வந்தார்.

"யாருடா உங்களுக்குக் கெடுதி சொல்லிக் குடுத்தது? இந்த வாத்தியாரா?"

பிள்ளைகள் சுப்புராயனைப் பார்த்தன. செவ்வந்தி எழுந்து சுவரைக் காட்டினாள்.

"நீங்கதாங்க. நீங்க ஒட்டிட்டுப் போனதுதாங்க."

ராஜாங்கம் சுவருக்குக் கிட்டே போய், கண்ணைச் சுருக்கி, முதல் முறையாகக் கீழே இருந்ததைப் படித்தார். கிழிக்கக் கை போனது. பாதியில் நின்றது. அந்தக் காலத்தில் அரசாங்கச் சுவரொட்டியைக் கிழித்தவன் எங்கே போவான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய், இல்லாத தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு நடந்தார். அந்தப் பருவத்தில் கூலி கொடுத்தார். அன்பளிப்பு என்று பெயர் வைத்துக் கொடுத்தார். வாங்கியவர்கள் கூலி என்றே சொல்லி வாங்கினார்கள்.

தோற்றவர் சும்மா இருக்கவில்லை. தண்டனைக்கு மேலே மலை இல்லை என்று அதிகாரி சொன்னது அவருக்கு நினைவிருந்தது. ஆகவே சுப்புராயனைக் கீழே அனுப்ப ஏற்பாடு செய்தார். பாராட்டு மனு எழுதினார். நல்லாசிரியர், மலையில் கஷ்டப்படுகிறார், கள்ளக்குறிச்சியிலேயே நல்ல பள்ளி கொடுங்கள் என்று. கிடைத்தது. பழைய நண்பர்கள் எவ்வளவு கொடுத்து வாங்கினாய் என்று கடிதம் எழுதிக் கேட்டார்கள். சுப்புராயனோ, மலையிலேயே இருக்கிறேன் என்று மூன்று முறை விண்ணப்பித்தார். மலையைக் கேட்டு வாங்க விதியில் இடமில்லை என்று பதில் வந்தது.

புறப்பட்ட காலையில் பெட்டியைச் சின்னக்கண்ணு தலையில் வைத்துக்கொண்டார். சுப்புராயன் பள்ளிச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஐப்பசி மழையில் சுவரொட்டி கரைந்து, கொட்டை எழுத்து மட்டும் மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அந்த வரி போயிடுச்சே சின்னக்கண்ணு."

"எங்க சார் போவுது? பாப்பா எங்க வூட்டுக் கதவுல கரியில எழுதி வெச்சிருக்குது. ராஜாங்கம் மாதிரி கண்ணச் சுருக்கிப் படிக்க வேணாம்னு பெருசாவே எழுதியிருக்குது."

அவருக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கு நான்கு ஆண்டு ஆசிரியர் வரவில்லை. சம்பளம் வாங்க ஒருவர் இருந்தார். அவர் கீழேயே இருந்தார். சுப்புராயன் கள்ளக்குறிச்சியில் ஓய்வு பெறும்வரை, புத்தகத்தின் கடைசிப் பாடத்தை ஜூன் மாதம் முதல் வகுப்பிலேயே நடத்தினார். அரசர்கள் காத்திருக்கட்டும் என்பார்.

இனி உங்கள் முறை. உங்கள் வீட்டுப் பிள்ளையின் வரலாற்றுப் புத்தகத்தை இன்றே கேட்டு வாங்குங்கள். கடைசிப் பக்கங்களில் பென்சில் கோடு இருந்தால் அழித்துவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தம் போட்டுப் படியுங்கள். பொடி எழுத்தையும் விடாமல் படியுங்கள்.