எல்லோரும் திருத்தலாம்

வைட்ஃபீல்டில் என் வீட்டில் காலை முழுக்க உட்கார்ந்து, எங்கள் ஆசிரியர் குழு சேர்ந்து ஆன்லைன் பாடம் எழுத ஃபோல்டர்களை அமைத்தேன். எல்லோருக்கும் எடிட் ஆக்சஸ் கொடுத்தேன். மத்தியானம்வரை ஒருவரும் எதையும் தொடவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் கணக்கு டீச்சர் மட்டும், நான் அதில் எழுதிப் போட்டிருந்த பாடத்தை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தி, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினார். எரிச்சலோடு போன் செய்தேன்.

“ஃபைல்லயே மாத்தலாமே மேடம்?”

“நீங்க எழுதினதுல நான் எப்படி சார் கை வைக்கிறது?”

“அதுக்குத்தானே இவ்வளவும் செட் பண்ணேன்! தைரியமா வைங்க.”

திரையில் அவருடைய கர்சர் வந்து நின்றது. நான் ரசித்து ரசித்து எழுதிய முதல் பத்தி மொத்தமாகக் காணாமல் போனது.

“சரிங்களா சார்?”

“ரொம்ப சரி மேடம்” என்றேன். அதற்குள் என் விரல் அந்தப் பத்தியைத் திரும்பக் கொண்டுவந்திருந்தது.