எழுத்தில் வாங்குங்கள்

என் அவசரப் புத்தி வெளியே தெரியுமே என்று இதை எழுத நாலு வருடம் தயங்கினேன்.

மைசூர் கல்வி அலுவலகத்தில் நரைத்த பின்னலோடு ஒரு கிளார்க் அம்மா. யார் தாள் நீட்டினாலும் எழுந்து நின்றுதான் வாங்குவார்.

பள்ளி என்றாலே நடுங்கும் மகளை வீட்டிலேயே படிக்க வைக்க நினைத்து, பள்ளியிலிருந்து அவள் பெயரை நீக்கக் கேட்கும் கடிதத்தோடு அவரிடம் போனேன்.

"சொல்ப இருங்க, கொஞ்சம் பொறுங்க அக்கா. சட்டம் என்னன்னு கேட்டீங்களா?"

"ஆண்டவர்கிட்ட கேட்டேன்."

"அவர் சரின்னுதான் சொல்லிருப்பார். ஆபீஸ்ல கேக்கணுமே. பேரை எடுத்துட்டா, படிப்பை விட்ட பிள்ளைன்னு லிஸ்ட்ல ஏத்திடுவாங்க. வீட்ல படிக்க வைக்கலாமான்னு முதல்ல எழுதிக் கேளுங்க, பதிலையும் எழுத்துல வாங்குங்க."

அப்படியே செய்தேன். வீட்டிலிருந்து படித்துத் தனித் தேர்வராகப் பரீட்சை எழுதலாம் என்று எழுத்தில் பதில் வந்தது. மகள் வீட்டிலிருந்தே படித்து, இந்த வருடம் பத்தாம் வகுப்புத் தேறினாள். இனிப்போடு ஓடினேன். அவர் எங்கோ மாற்றலாகிப் போயிருந்தார். ஜெபிக்கும்போதெல்லாம் அந்த முகத்தை ஒருமுறை பார்க்கக் கேட்கிறேன்.

பிள்ளையை வீட்டில் படிக்க வைக்க நினைப்பவர்களிடம் அவர் சொன்னதைச் சொல்லுங்கள். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம்.